எண்ணப் போன இடத்துல வலையை அறுத்துட்டோம். தப்பா?

முக்குளிப்பான் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு கல்லூரியில மூணாம் வருஷம் விலங்கியல் படிக்கிறேன். கல்லூரி பேரு வேணாம். கண்மாய் பேரும் வேணாம், மேலூர்ப் பக்கம்னு வச்சுக்கங்க. அங்க கூடு இருக்கு. பேரைப் போட்டா அடுத்த வாரமே கேமராவும் கையுமா பத்துப் பேர் வந்து நிப்பாங்க.

குழுவுல ஆறு பேர். ப்ராஜெக்ட், கண்மாய்ப் பறவைக் கணக்கெடுப்பு. நவம்பர் ஆரம்பத்துல இருந்து ஞாயிறு தவறாம போறோம். காலையில ஆறரைக்கு மடையில ஆரம்பிச்சு எட்டரைக்கு கலுங்குல (மிச்சத் தண்ணி வழியிற இடம்) முடிப்போம். நடுவுல மூணு இடம் குறிச்சிருக்கோம், ஒவ்வொண்ணுலயும் அரை மணி நேரம் நின்னு எண்ணணும். பைனாகுலர் மொத்தம் ரெண்டு, அதுல ஒண்ணுக்கு இடது பக்கம் மங்கல்.

இன்னைக்கு ஒன்பதாவது ஞாயிறு. ரெண்டாவது இடத்துக்கு நேரே, தண்ணிக்குள்ள நிக்கிற நாட்டுக்கருவேல மரத்தடியில ஏதோ அடிச்சுக்குது. பாம்புத்தாரா, பாம்பு மாதிரி நீளக் கழுத்து உள்ள நீர்ப்பறவை. கழுத்து மேல வருது, அமுங்குது, மறுபடி வருது. நரம்பு வலையில (மெல்லிசான நைலான் இழை வலை) மாட்டியிருக்கு. தண்ணி இடுப்பளவுதான்னு தெரியும், ரெண்டு பேர் இறங்கிட்டோம். கையில இருந்தது பென்சில் சீவுற பிளேடு. ரெண்டு ஆள் கை விரிச்ச நீளத்துக்கு வலையை அறுத்துத்தான் வெளிய எடுக்க முடிஞ்சது. கரையில விட்டதும் கொஞ்ச நேரம் சுருண்டு கெடந்துச்சு. அப்புறம் தத்தித் தத்திப் போய் ஒரு கல்லு மேல ஏறி றெக்கையை விரிச்சுக் காயப்போட்டுச்சு. இருபது நிமிஷத்துல பறந்துருச்சு. கூட வந்தவ அழுதுட்டா. நானும்தான்.

அதுக்குள்ள கண்மாய் மீன் குத்தகைக்காரர் வந்துட்டார். "படிக்க வந்தீகளா, பொழப்பைக் கெடுக்க வந்தீகளா"ன்னு கத்தல். வலைக்குக் காசு கேட்டார். எங்ககிட்ட பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்துச்சு.

சாயங்காலம் வழிகாட்டி சாருக்கு போன் போட்டோம். அவர் சொன்னது இதுக்கு மேல: "நீங்க எண்ணப் போனவங்க, காப்பாத்தப் போனவங்க இல்ல. டேட்டாவுல கை வச்சிட்டீங்க. இன்னைக்குக் கணக்கை எடுத்துருங்க." இன்டர்னல் மார்க் பத்தியும் ஒரு வார்த்தை விழுந்துச்சு.

ரெண்டு கேள்வி. நாங்க செஞ்சது தப்பா? இன்னைக்குக் கணக்கை உண்மையிலேயே எடுக்கணுமா?


நாகமலை மாப்ள | ஞாயிறு, இரவு 9.20

பாம்புத்தாராவுக்கு ஒரு கோடு போட்ட, சரி. குத்தகைக்காரரை எந்தக் கட்டத்துல போட்ட? உள்ளூரா, வலசையா?


கலுங்கு | ஞாயிறு, இரவு 10.05

தம்பியா தங்கச்சியான்னு தெரியலை, முதல்ல ஒண்ணு. நீச்சல் தெரியாம, கயிறு இல்லாம கண்மாய்த் தண்ணியில இறங்காதீங்க. இடுப்பளவுன்னு நினைப்போம், அந்தப் பக்கம் சவுடு அள்ளுன பள்ளம் இருக்கும். வருஷா வருஷம் கேட்கிற செய்திதான்.

இனி உங்க கேள்விக்கு. பதினஞ்சு வருஷமா இந்தப் பக்கத்துக் கண்மாய்கள்ல எண்ணிட்டு இருக்கேன். உங்க சார் சொன்னதுல பாதி சரி. எண்ணிக்கைன்னா எண்ணுறவனால பறவை கலையக் கூடாது. நீங்க தண்ணிக்குள்ள இறங்குனதும் பக்கத்துல இருந்த நாமக்கோழியும் சிறவியும் எழுந்திருச்சிருக்கும். அப்ப அந்த ரெண்டாவது இடத்துல இறங்குனதுக்குப் பிறகு எண்ணுனது நம்பகம் இல்ல. அதை மட்டும் அடைப்புக்குள்ள போட்டு, 'காலை இத்தனை மணிக்கு நீருக்குள் இறங்கினோம், காரணம் இது'ன்னு குறிப்புல எழுதுங்க. முதல் இடத்துக் கணக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நாள் பூரா கணக்கை அழிக்கிறதுதான் டேட்டாவுல கை வைக்கிறது.

பாம்புத்தாரா மாட்டுனதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வாத்து மாதிரி அதோட இறகு தண்ணியைத் தள்ளாது, ஊறும். ஊறுறதாலதான் சத்தமில்லாம அமுங்கி நீந்த முடியுது, மூடின மூக்கால மீனைக் குத்த முடியுது. ஊறின இறகைக் காயவைக்கத்தான் றெக்கையை விரிச்சு உட்காருது. நரம்பு வலை தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது. முங்குற சாதி எல்லாத்துக்கும் இதே கதி: பாம்புத்தாரா, நீர்க்காகம், உங்க பேருக்குச் சொந்தக்காரரான முக்குளிப்பான்.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். முதல் எட்டு ஞாயிறும் அந்த வலை எங்க கெடந்துச்சு? கரையை ஒட்டியா, மரத்தடியிலயா? எழுதி வச்சிருக்கீங்களா?


முக்குளிப்பான் | ஞாயிறு, இரவு 10.31

இல்ல அண்ணே.

வலையைப் பார்த்திருக்கோம். மூணாவது வாரம் அதுல செத்த முக்குளிப்பான் ஒண்ணும் தொங்குச்சு. படிவத்துல பறவை பேரு, எண்ணிக்கை, நேரம், வானிலை. அவ்வளவுதான் கட்டம். செத்ததை உயிரோட இருக்கிற கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு விட்டுட்டோம்.


கலுங்கு | ஞாயிறு, இரவு 10.38

அதான். வலையை அறுத்தது தப்பான்னு கேக்குறீங்க. எட்டு வாரமா கண்ணு முன்னால இருந்த வலையை எழுதாம விட்டதைக் கேக்கலையே.


மேலூரான் | திங்கள், காலை 6.50

நான் வேற கரையில இருந்து பேசுறேன். எங்க அப்பா கண்மாய் மீன் குத்தகை எடுக்கிறவர். இந்தக் கண்மாய் இல்ல, வேற.

வலைக்காரனை வில்லனாக்குறதுக்கு முன்னாடி கணக்கைக் கேளுங்க. நூறு ஏக்கருக்குக் கீழ ஆயக்கட்டு (பாசன நிலம்) இருந்தா கண்மாய் ஒன்றியத்துக்கு, அதுக்கு மேலன்னா நீர்வளத்துறைக்கு. யார்கிட்ட ஏலம் எடுத்தாலும் காசு முன்கூட்டியே கட்டணும். கணக்கு பசலி ஆண்டுல ஓடும், ஜூலை 1-ல இருந்து ஜூன் 30 வரைக்கும். ஆனா ஜூலையில கண்மாய்ல என்ன இருக்கும்? வெடிப்புதான் இருக்கும். ஐப்பசி மழையோ பெரியாறு தண்ணியோ வந்து பெருகினாத்தான் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுவாக. வெயில் ஏறி மாசி பங்குனியில வத்த ஆரம்பிச்சுரும். பன்னெண்டு மாசத்துக்குக் கட்டுன காசை நாலஞ்சு மாசத்துல எடுக்கணும். இதுல நீர்க்காகம் கூட்டமா வந்து இறங்குச்சுன்னா எங்க அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராது.

இவ்வளவும் சொல்லிட்டு இதையும் சொல்லணும். அந்திக்குப் போட்ட வலையை விடியுறதுக்குள்ள எடுத்துறணும், அதுதான் முறை. ஏழு மணிக்கு மேல தண்ணியில கெடந்துச்சுன்னா அது அவர் தப்பு. கிழிஞ்ச வலையைச் சுருட்டி அங்கேயே தண்ணியில எறிஞ்சிட்டுப் போறது எங்க ஆளுககிட்ட இருக்கிற கெட்ட பழக்கம். அந்தத் துண்டு மீனும் பிடிக்காது, மக்கவும் மக்காது, வர்றதையெல்லாம் மாட்டிக்கிட்டே கெடக்கும். நீங்க அறுத்தது போட்ட வலையா, எறிஞ்ச துண்டா?


முக்குளிப்பான் | திங்கள், காலை 7.15

தெரியலைங்க. ஒரு முனை மரத்துல சுத்தியிருந்துச்சு. மறு முனை எங்க போச்சுன்னு பார்க்கலை.


கருப்பு அங்கி | திங்கள், காலை 9.40

சட்டக்கல்லூரி மாணவன். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவை அரசின் சொத்து. அடிபட்ட ஒண்ணு உங்க கைக்கு வந்துருச்சுன்னா 48 மணி நேரத்துக்குள்ள வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரியப்படுத்தணும். 'நல்லாகுற வரைக்கும் ஹாஸ்டல்ல வச்சிருந்தோம்'னு பெருமையா போட்டோ போடுறதெல்லாம் வம்பு. நீங்க அங்கேயே விட்டுட்டீங்க, அதனால சிக்கல் இல்ல.

வலை அவர் சொத்து, நஷ்டம் நஷ்டம்தான். கோர்ட்டுக்குப் போற அளவு இல்ல. போய்ப் பேசி முடிங்க.


வைகைக் கரையான் | திங்கள், காலை 10.02

பாம்புத்தாராவுக்குக் கண்ணீர் விடுற கல்லூரிப் பிள்ளைக 2017-ல தமுக்கத்துல எந்தப் பக்கம் நின்னாங்க? விலங்கு நலம்னா அவனியாபுரத்துல ஆரம்பிக்கணும்.


நாகமலை மாப்ள | திங்கள், காலை 10.04

2017-ல அவங்க ஆறாப்பு படிச்சிருப்பாங்கய்யா.


நெறியாளர் | திங்கள், காலை 10.30

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை இருக்கு, 2023 தீர்ப்பு வரைக்கும் அதுல சண்டை போட்டாச்சு. இதுக்குப் பிறகு வந்த பதினொரு பதிவை அங்க மாத்தியிருக்கேன். இங்க வலையைப் பத்தி மட்டும்.


ஊசி மருந்து | திங்கள், மதியம் 1.25

கால்நடை மருத்துவர். ஆடு மாடுதான் என் பொழப்பு, ஆனா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பறவை அட்டைப்பெட்டியில வந்துரும். நீங்க செஞ்சதுல எனக்கு மனசு ஒட்டுனாலும் கை ஒட்டலை. சொல்றேன், அடுத்த தடவைக்கு ஆகும்.

பிடிச்ச உடனே தலையைத் துணியால மூடுங்க. துண்டு, துப்பட்டா எதுவானாலும் சரி. இருட்டானா பாதி பயம் அடங்கும். பாம்புத்தாரா, நாரை, கொக்கு வகைக்கு மூக்குதான் ஈட்டி, கிட்ட வர்ற முகத்துல கண்ணுக்குத்தான் குறி. ஒருத்தர் தலைக்குக் கொஞ்சம் கீழ கழுத்தைப் பிடிக்கணும், இன்னொருத்தர் றெக்கையை உடம்போட சேர்த்து அணைக்கணும். நெஞ்சை அமுக்காதீங்க. நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு. பாசத்துல இறுக்கிப் பிடிச்சுக் கொண்டு வந்து என் மேசையில வைக்கும்போது செத்திருக்கிற பறவைகளை நான் பார்த்திருக்கேன்.

தண்ணிக்குள்ள நின்னு உடம்பு மேல இருக்கிற இழையை அறுக்கப் பார்க்காதீங்க. வலையை வெளிய வெட்டி, பறவையைச் சுருளோட கரைக்குக் கொண்டு வந்து, அப்புறம் ஒவ்வொரு இழையா. பிளேடு வேண்டாம், முனை மழுங்குன கத்தரி ஒண்ணு பையில இருக்கட்டும். றெக்கை மடிப்பு, தொடை இடுக்கு, விரல் நடுவு, நாக்குக்கு அடி, நாலையும் பார்க்காம விடாதீங்க. காலைச் சுத்தி ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தா ரத்தம் நின்னு அந்தக் கால் அழுகும். பறந்து போறதைப் பார்த்துக் கை தட்டியிருப்போம், பத்து நாள்ல எங்கேயோ புதருக்குள்ள கெடக்கும்.

வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க. மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலயே இருக்கு, நேரா நுரையீரலுக்குப் போயிரும். காத்து ஓட்டை போட்ட பெட்டி, இருட்டு, சத்தமில்லாத மூலை. இதுதான் முதலுதவி. அப்புறம் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க.


முக்குளிப்பான் | திங்கள், மதியம் 1.50

விரல் நடுவு பார்க்கலை டாக்டர்.


ஊசி மருந்து | திங்கள், மதியம் 2.10

இருபது நிமிஷம் உட்கார்ந்து காயவச்சுட்டுப் பறந்திருக்கு. ரெண்டு காலும் ஊன்றி நின்னுச்சுன்னா பெரும்பாலும் பிழைச்சிருக்கும். மனசைப் போட்டு உழப்பாதீங்க.


ஃபார்மலின் | திங்கள், மாலை 5.30

ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளன். முப்பது வருஷம் தவளையும் கரப்பானும் எண்ணிக் குடுத்தவன் நான். ஆளுக்கு ஒண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் தவளை பிடிக்கிறவர் சாக்குல கொண்டு வருவார், ஈரச்சாக்கு அசையும். குளோரோஃபார்ம், மெழுகுத் தட்டு, குண்டூசி. ஆர்ட்டீரியல் சிஸ்டத்தை அழகா எடுத்துக் காட்டுன பையனுக்கு முழு மார்க். அந்தத் தவளை எந்த வயல்ல இருந்து வந்துச்சு, என்ன தின்னுச்சு, அது போனதுக்கப்புறம் அந்த வயல்ல பூச்சி கூடுச்சா, எந்த வாத்தியாரும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. 2014-ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறுக்கிறதை நிறுத்தச் சொல்லுச்சு. கம்ப்யூட்டர்ல தவளைப் படம் வந்துச்சு. அதையும் பார்த்தேன், பிள்ளைக கொட்டாவி விட்டாங்க.

உங்க சார் மேல கோபப்படாதீங்க. அவரும் மெழுகுத் தட்டுல படிச்சவர்தான்.


பாடவேளை | திங்கள், இரவு 8.45

அந்த சார் நான் இல்லை. ஆனால் அவரைப் போல ஒருவன். கௌரவ விரிவுரையாளர், வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு. அவர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

உச்ச நீதிமன்றம் சொல்லி, யுஜிசி எல்லா இளநிலைப் படிப்புக்கும் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அந்தப் பாடத்திட்டத்தின் கடைசி அலகே களப்பணிதான்: அருகிலுள்ள ஆறு, குளம், மலை போய்ப் பார்; செடி, பூச்சி, பறவை அறிந்துகொள். மொத்தம் ஐம்பது வகுப்பில் அதற்கு ஒதுக்கியது ஐந்து வகுப்புக்குச் சமமான நேரம். நடைமுறையில் அந்த ஐந்தும் என்ன ஆகிறது? பேனர், மரக்கன்று, குழுப் படம். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

உங்களைப் போல ஒன்பது ஞாயிறு போகும் குழு கிடைப்பது அபூர்வம். அதனால்தான் பயம். ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கி ஏதாவது ஆகிவிட்டால் முதலில் என் கையெழுத்தைத்தான் தேடுவார்கள். 'எண்ணப் போனீர்கள், காப்பாற்ற அல்ல' என்று அவர் சொன்னதில் அந்தப் பயமும் இருந்திருக்கும். அதை அறிவியல் மாதிரிச் சொல்லியிருக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையான சந்தேகம் ஒன்று உண்டு. ஆய்வு செய்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், நாளைக்கு அவர் கணக்கை யார் நம்புவார்? 'இவர்கள் பறவைக் கட்சி' என்று குத்தகைக்காரர் சொன்னால் என்ன பதில்?


கலுங்கு | திங்கள், இரவு 9.30

பாடவேளை ஐயா, நல்ல கேள்வி. சாயுறதும் மறைக்கிறதும் வேற வேறன்னு நினைக்கிறேன்.

அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்போ ஏழு குன்று, கண்மாய்கள், ஊற்றுகளோட சுமார் 250 பறவை இனங்களையும் அரசே எடுத்துச் சொல்லுச்சு. லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் அதுல வரும். 2024 கடைசியில டங்ஸ்டன் சுரங்கப் பேச்சு வந்தப்போ மேலூர்ப் பக்கத்து ஊர்க திரண்டு எழுந்துச்சு, 2025 ஜனவரியில ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. நின்னது ஊர் சனம்தான், சந்தேகமே இல்ல. ஆனா 'இங்க என்ன இருக்கு, வெறும் பாறை'ன்னு யாரும் சொல்ல முடியாத அளவுக்குப் பட்டியல் முன்னாடியே இருந்துச்சு. ஏதோ ஒரு வல்லூறு மேல ஆசைப்பட்டு வெயில்ல பாறை ஏறின ஆள் இல்லாம அந்தப் பட்டியல் ஏது? பாசம் இருக்கட்டும். போன நேரம், நின்ன இடம், இருந்தது, இல்லாதது எல்லாத்தையும் அப்படியே எழுதியிருந்தா, எதிர்க்கட்சிக்காரனும் அதே கரையில நின்னு எண்ணிப் பார்க்கலாம்.

முக்குளிப்பான், பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்பு வருது. 2015-ல இருந்து வருஷா வருஷம் நடக்குது. உங்க பட்டியலை ஈபேர்டுல (பறவைப் பதிவு இணையதளம்) ஏத்துங்க. ரெக்கார்டு நோட்டுல மட்டும் வச்சா கரையான்தான் படிக்கும்.


தெப்பக்குளம் தெரு | திங்கள், இரவு 9.55

இடையில ஒரு விஷயம். எங்க காலேஜ்ல நாங்க நாய்க்குக் கருத்தடை, ஊசி எல்லாம் ஏற்பாடு பண்ணி, காதுல வெட்டு அடையாளத்தோட பதினாலு நாயும் அமைதியா இருந்துச்சு. 2025 நவம்பர் 7 உச்ச நீதிமன்ற உத்தரவுல கல்வி நிறுவன வளாகத்துல இருந்து எடுத்துக் காப்பகத்துக்குக் கொண்டு போகணும், திரும்ப விடக்கூடாதுன்னு வந்துருச்சு. ரெண்டு வருஷ வேலை. இதுக்கு யாராவது தனி இழை தொடங்குங்க, எனக்கு எழுத மனசு வரலை.


முக்குளிப்பான் | வியாழன், இரவு 8.20

மூணு நாளா எழுத முடியலை. நேத்து குத்தகைக்காரரைப் பார்க்கப் போனோம். மேலூரான் தனிச்செய்தியில சொன்ன மாதிரி கல்லூரி ஐடி கார்டை எல்லாம் கழட்டி வச்சுட்டு, சாயங்காலம், அவர் வலை எடுத்துக் கட்டுற நேரத்துக்கு.

முதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நாங்க ஆறு பேரும் சேர்ந்து எடுத்துட்டுப் போன காசைக் குடுத்தோம். எண்ணிப் பார்த்துட்டு, அறுந்த வலையே பழசுன்னு சொல்லி பாதியைத் திருப்பிக் குடுத்தார். அப்புறம் பேச ஆரம்பிச்சவர் நிறுத்தலை. எந்த மூலையில ஆழம், எங்க சிலேபி சேரும், எந்தக் காத்துக்கு விரால் மேல வரும். நாங்க ஒன்பது வாரமா 'நீர்க்காகம்'னு ஒரே பேரா எழுதினதை அவர் ரெண்டா பிரிச்சுச் சொன்னார், சின்னது, பெரிசுன்னு. புத்தகத்துல பார்த்தா ஆமா, நீர்க்காகம் ஒரே இனம் இல்ல. எங்க ஒன்பது வாரக் கணக்குல அந்த வரி பூரா சந்தேகம்தான் இனி.

கருவேல மரத்தடியில குஞ்சு பறக்குற வரைக்கும் வலை போடாம இருப்பீங்களான்னு கேட்டோம். "மரத்தைச் சுத்தி வேணா விடுறேன். ஆனா கிழக்கு மூலையைக் கேக்காதீக, அங்கதான் மீனே"ன்னார். கிழிஞ்ச வலையைக் கரையில குவிச்சு வைக்கச் சம்மதிச்சார், நாங்க ஞாயித்துக்கிழமை சாக்குல எடுத்துட்டு வந்துறணும்.

கிளம்பும்போது ஒண்ணு கேட்டார். அதுக்குத்தான் இங்க வந்தேன். "அந்த நீர்க்காகம் எத்தனைன்னு தாள்ல எழுதி, காலேஜ் சீலோட குடுங்க. அடுத்த ஏலத்துல காட்டி தொகையைக் குறைக்கச் சொல்றேன்."

என்ன சொல்றதுன்னு தெரியாம 'சாரைக் கேட்டுச் சொல்றோம்'னு வந்துட்டோம். நாங்க எண்ணினது பறவைக்கு நல்லது நடக்கும்னு. அந்தத் தாளை வச்சு நாளைக்கு வெடி போட்டு விரட்டுனாங்கன்னா?


நாகமலை மாப்ள | வியாழன், இரவு 8.31

மாப்ள, இப்பத்தான் ப்ராஜெக்ட்டே ஆரம்பிக்குது.


பாடவேளை | வியாழன், இரவு 9.00

கொடுக்காதீர்கள். சீல் வைத்துக் கொடுத்தால் அது கல்லூரியின் கருத்து ஆகிவிடும்.


கலுங்கு | வியாழன், இரவு 9.22

சீல் வேணாம், அது சரி. ஆனா தாளைக் குடுக்கணும். அவர் கண்மாய்ல நின்னு, அவர் சொல்லிக் குடுத்ததையும் சேர்த்து எடுத்த கணக்கு. அதை அவருக்கே மறைச்சா, திங்கக்கிழமை நான் எழுதுனதுக்கு அர்த்தம் இல்ல.

நீர்க்காகம் வரியை மட்டும் வெட்டிக் குடுக்காதீங்க. முழுத் தாளும் போகட்டும், செத்த முக்குளிப்பான், வலையில பாம்புத்தாரா எல்லாத்தோடயும். சின்னது பெரிசு பிரிக்கலைங்கிறதையும் அதுலயே எழுதுங்க. இன்னொண்ணையும் வாயால சொல்லிருங்க: காலை ஏழு மணிக்கு அங்க எத்தனை உட்கார்ந்திருந்துச்சுன்னுதான் இந்தக் கணக்கு சொல்லும். அது அந்தக் கண்மாய்ல தின்னுச்சா, வேற கண்மாய்ல தின்னுட்டு இங்க வந்து றெக்கை காயவச்சுச்சா, தின்னது கட்லாக் குஞ்சா, விக்காத பொடி சிலேபியான்னு இந்தத் தாளுக்குத் தெரியாது.

வெடி பயம் எனக்கும் உண்டு. வேட்டங்குடி பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரங்க பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுறதில்ல. அங்க 1977-ல சரணாலயப் பலகை வந்துச்சுதான், ஆனா பலகையா வந்து வெடியைப் பிடுங்குச்சு? ஊர்க்காரங்களே விட்டது. உங்க குத்தகைக்காரர் மரத்தைச் சுத்தி விடுறேன்னு சொன்னாரே, அவர்கிட்ட ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சா அதுவும் போயிரும்.


மேலூரான் | வியாழன், இரவு 9.48

எங்க அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். சிரிச்சார். "ஏலத்துல தாளைக் காட்டுனா எவன் குறைப்பான், எதிராளி கூடக் கேட்டுட்டுப் போயிருவான்"ன்னார்.

ஆனா ஒரு யோசனை சொன்னார். பறவைக் கணக்கு எடுக்கிற அன்னைக்கே மீன் எத்தனை கிலோ விழுந்துச்சுன்னும் ஒரு கட்டம் போடுங்க. கேட்டா எடை சொல்லுவார், வித்த விலை சொல்ல மாட்டார், அதைக் கேக்காதீங்க. நீர்க்காகம் கூடுற வாரம் மீன் குறையுதான்னு அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.


முக்குளிப்பான் | வெள்ளி, இரவு 7.10

சார்கிட்ட பேசிட்டோம். சீல் கிடையாது, முழுத் தாள் குடுக்கலாம்னு சொன்னார். போன ஞாயிறு கணக்கை எடுக்க வேணாம், அடைப்புக்குள்ள போடுங்கன்னும் சொன்னார். மார்க் பத்தி ஒண்ணும் சொல்லலை, நாங்களும் கேக்கலை.

படிவத்துல மூணு கட்டம் சேர்த்திருக்கோம்: வலை எங்கே, மாட்டுனது என்ன, மீன் எத்தனை கிலோ. நாளன்னைக்கு மாட்டுத்தாவணியில அஞ்சரை மணி மேலூர் பஸ். சாக்கு நாலு இருக்கு. முனை மழுங்குன கத்தரிதான் இன்னும் கிடைக்கலை, டாக்டர், எந்தக் கடையில கேட்கணும்?


ஊசி மருந்து | வெள்ளி, இரவு 7.35

மெடிக்கல்ல கட்டு வெட்டுற கத்தரின்னு கேளுங்க.